தோங் கடை: இரும்புக்குப் போகலாம், நீல டிரம்முக்கு வேண்டாம்

பழைய டிரம் வாங்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரும்பு டிரம் வேண்டுமானால் இந்தக் கடைக்குத் தாராளமாகப் போகலாம். நீல பிளாஸ்டிக் டிரம் வேண்டுமானால், அதிலும் பட்டறைக் கழிவை நிரப்பி லாரியில் அனுப்ப வேண்டுமானால், வேறு இடம் பாருங்கள். வீட்டில் தண்ணீர் பிடித்துவைக்க வேண்டுமானால் எந்தப் பழைய டிரம் கடைக்கும் போகாதீர்கள். அதைப் பற்றிக் கீழே கொஞ்சம் கோபமாகவே எழுதியிருக்கிறேன்.

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருப்பவர்களுக்குத் தோங் கடை என்றால் போதும்; தோங் என்றால் மலாயில் டிரம். பெயர்ப்பலகையில் இருந்த எழுத்து மழையில் கரைந்து எந்தக் காலமோ ஆகிறது; நானும் பெயரை எழுதப்போவதில்லை. தகர வேலி, வாசலில் கட்டிப்போட்ட கிழட்டு நாய், உள்ளே மூன்றடுக்காக ஏற்றிவைத்த டிரம்கள், ஒரு பக்கம் வளையங்களும் மூடிகளும் குவியலாக. கடையை இப்போது நடத்துகிறவர் என்னைவிட இளையவர். நான் தம்பி என்பேன், அவர் அக்கா என்பார். அவருடைய அப்பா நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். முன்பு தோட்டத்து லாரி ஓட்டியவர். விலை கேட்டால் மகன் சொல்வார், கதை கேட்டால் அப்பா சொல்வார்.

எனக்கு ஏன் டிரம் மீது இத்தனை அக்கறை என்று கேட்பீர்கள். நான் பிறந்தது தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். படிப்பு முடிந்ததும் அதே தோட்டத்து ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணியாகச் சேர்ந்தேன். ரப்பர் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்த காலம் முழுவதும் உரத்துக்கும் மருந்துக்கும் கணக்கு எழுதியது என் கைதான். இப்போது லிந்தாங் சாலைப் பக்கம் என் உடன்பிறந்த தம்பி லாரிப் பட்டறை வைத்திருக்கிறான். அங்கே கணக்கும் கழிவும் என் பொறுப்பு. லிந்தாங் சாலை வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. 1948 ஜூன் 16-இல் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு, நாட்டில் அவசரகாலம் வரக் காரணமான இடங்களில் ஒன்றான எல்பில் தோட்டம் அந்தப் பக்கம்தான். இன்று அதே சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. அவற்றில் கணிசமானவை எங்களிடம் வந்து எண்ணெய் மாற்றிக்கொண்டு போகின்றன.

அந்த எண்ணெய் எங்கே போகும்? முன்பெல்லாம் வேலிக்கம்பத்தில் கறையான் ஏறாமல் இருக்கப் பூசினார்கள், புழுதி அடங்கச் சாலையில் ஊற்றினார்கள், மிச்சத்தைக் கால்வாயில் விட்டார்கள். இப்போது அது அட்டவணையிடப்பட்ட கழிவு, அதாவது ஆபத்தானது என்று சட்டம் பட்டியல் போட்டு வைத்திருப்பது; ஆங்கிலச் சுருக்கம் எஸ்.டபிள்யூ. 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 2005-இல் வந்த விதிகள் 77 வகைக் கழிவுகளுக்கு எண் கொடுத்து வைத்திருக்கின்றன. எஞ்சினிலிருந்து இறக்கும் கறுப்பெண்ணெய் எஸ்.டபிள்யூ. 305. ஹைட்ராலிக் எண்ணெய் 306. பட்டறைத் தொட்டியில் படியும் எண்ணெய்ச் சேறு 312. எண்ணெய் ஊறிய துணியும் பில்டரும் 410. செத்துப்போன பேட்டரி 102. இந்தக் கட்டுரைக்கு முக்கியமான எண் 409: ரசாயனமோ, பூச்சிமருந்தோ, கனிம எண்ணெயோ பட்டு அழுக்கான காலிக் கலன். அதாவது, கழுவாத காலி டிரம்மே ஒரு கழிவு. அதை உரிமம் பெற்ற இடத்தில்தான் சுத்தம் செய்து மறுபடி பயன்பாட்டுக்குக் கொண்டுவரலாம். தெருமுனையில் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி விற்பதற்குப் பெயர் வியாபாரம் இல்லை.

அதனால் நான் இந்தக் கடைக்குள் முதன்முதலாக நுழைந்தபோது விலை கேட்கவில்லை. "இதெல்லாம் எங்கே கழுவியது தம்பி?" என்றுதான் கேட்டேன்.

அவர் முகம் சுளிக்காமல் உள்ளே போய் ரசீதுக் கோப்பு ஒன்றை எடுத்து வந்தார். இரும்பு டிரம்களை அவர் கழுவுவதில்லை. உரிமம் பெற்ற மறுசீரமைப்பு ஆலையிலிருந்து வாங்கி வந்து விற்கிறார். ஒவ்வொரு லோடுக்கும் ஆலையின் ரசீது இருந்தது. அதில் எத்தனை டிரம், என்ன வகை என்று எழுதியிருந்தது. எந்த லோடு எந்த அடுக்கில் இருக்கிறது என்று சாக்குக்கட்டியால் தரையில் குறியும் போட்டிருந்தார். இந்தக் கோப்பைப் பார்த்ததும் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. மீதிப் பாதியை டிரம்மிடமே கேட்டுக்கொள்ளலாம்.

டிரம் பேசும். விளிம்பை ஒட்டியோ பக்கவாட்டிலோ ஒரு வட்டம் இருக்கும். அதற்குள் யு, என் என்று மேலும் கீழுமாக இரண்டு ஆங்கில எழுத்து. ஆபத்தான சரக்கை அனுப்புவதற்காக ஐக்கிய நாடுகள் சபை வகுத்த முறைப்படி போடும் முத்திரை அது. அதன் பக்கத்திலுள்ள வரியைப் படிக்கத் தெரிந்தால் கடைக்காரரின் வாய்ச்சொல் தேவையில்லை. 1ஏ1 என்றால் இரும்பு டிரம், தலை பிரியாது, இரண்டு திருகுமூடிகள் மட்டும். 1ஏ2 என்றால் இரும்பு டிரம், தலை முழுதாகக் கழலும், வளையம் போட்டு இறுக்க வேண்டும். பிளாஸ்டிக் என்றால் ஏ இருக்கும் இடத்தில் எச் இருக்கும். அடுத்து எக்ஸ், ஒய், இசட் மூன்றில் ஒன்று: எக்ஸ் மிகக் கொடியதையும் தாங்கும், ஒய் நடுத்தரத்தையும் அதற்குக் கீழானதையும், இசட் லேசானதை மட்டும். பிறகு வருவது திரவத்துக்கான டிரம் என்றால் அடர்த்தியும் சோதித்த அழுத்தமும். திடப்பொருளுக்கானது என்றால் மொத்த எடை, கூடவே எஸ் என்ற எழுத்து. கடைசியில் ஆண்டு, நாடு, செய்தவர். சீரமைத்த டிரம்மில் சீரமைத்தவரின் அடையாளமும் ஆண்டும், ஆர் என்ற எழுத்தும் கூடுதலாக வரும். ஆர் பக்கத்தில் எல் இருந்தால் கசிவுச் சோதனையில் தேறியது என்று பொருள்.

எஸ் என்ற அந்த ஓர் எழுத்தில்தான் பட்டறைக்காரர்கள் ஏமாறுகிறார்கள். தலை கழலும் டிரம் வசதியானது. அள்ளிப் போடலாம், எட்டிப் பார்க்கலாம். அதனால் பையன்கள் தொட்டியிலிருந்து வாரிய சேற்றையும் அதிலேயே கொட்டுவார்கள். பார்வைக்குச் சேறுதான். லாரி ஈப்போ வரை குலுங்கிப் போய்ச் சேர்வதற்குள் மேலே எண்ணெய் மிதக்கும், வளையத்தின் இடுக்கு வழியாக வழியும். எஸ் போட்ட டிரம் பில்டருக்கும் துணிக்கும் மட்டும். இதை நான் சொல்வதற்கு முன்பே கடைக்காரத் தம்பி கேட்டார்: "அக்கா, சேறு போடவா, துணி போடவா?" பழைய சாமான் விற்கும் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டு நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இதற்காகவே ஒரு நட்சத்திரம் கூடுதலாகக் கொடுக்கிறேன்.

இரும்பின் தரத்தைப் பற்றி: நான் டார்ச் விளக்கு கொண்டு போவேன். பெரிய திருகுமூடியைக் கழற்றி, விளக்கை அடித்து உள்ளே பார்க்க வேண்டும். முறையாகச் சீரமைத்த டிரம்மின் உள்சுவரில் பழைய சரக்கின் தடமோ துருவோ இருக்கக்கூடாது. பழைய பூச்சும் ஒட்டுச்சீட்டும் வெளியே போயிருக்க வேண்டும். நசுங்கிய விளிம்பை நேராக்கி மூடியிருக்க வேண்டும். வாஷரை மாற்றியிருக்க வேண்டும். பரிசோதனையைக் கழுவிய பின், வர்ணம் அடிப்பதற்கு முன் செய்ய வேண்டும் என்பது விதி. ஏன் என்று சொல்லத் தேவையில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் அடிக்கும் சுண்ணாம்பு போல வர்ணம் எல்லாக் குறையையும் மறைத்துவிடும். சுவரில் ஊசி குத்தியது போலப் பள்ளங்கள் இருந்தாலோ, தகடு மெலிந்திருந்தாலோ, திருகுமரை தேய்ந்திருந்தாலோ அந்த டிரம் பழைய இரும்புக்குத்தான் போக வேண்டும். இந்தக் கடையின் அடுக்கில் நான் விளக்கடித்துப் பார்த்தவை பெரும்பாலும் சுத்தம். ஒன்றிரண்டை நான் ஒதுக்கியபோது "ஏன்" என்று கேட்டார், காட்டினேன், தனியே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார். அடுத்த முறை போனபோது அவை அடுக்கில் இல்லை.

தகட்டின் கனத்தையும் பார்ப்பது நல்லது. பெரிய இரும்பு டிரம்மின் அடிப்பக்கத்தில் அது மில்லிமீட்டர் கணக்கில் பொறிக்கப்பட்டிருக்கும். 1.0-1.2-1.0 என்று இருந்தால் தலை, உடல், அடி மூன்றுக்கும் தனித்தனிக் கனம். ஒரே எண் இருந்தால் அது உடலின் கனம்; தலையும் அடியும் அதைவிட மெலிந்தவை அல்ல. மெல்லிய டிரம்மை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்துவது பேராசை.

விலை: மூடிய தலை டிரம் 70 வெள்ளி (ரிங்கிட்), கழலும் தலை டிரம் வளையத்தோடு 80 வெள்ளி. ஈப்போவில் இதைவிடக் குறைவாகக் கிடைக்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஈப்போவுக்குப் போய் வரும் டீசல் காசை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

வாங்கி வந்த பிறகு நான் செய்யும் ஒன்றைச் சொல்கிறேன். அதன் மூலம்தான் கடையின் நாணயத்தை அளந்தேன். அமெரிக்காவின் போக்குவரத்து விதிகளில் ஒரு சலுகை இருக்கிறது. ஏற்கெனவே பயன்படுத்திய கலனை, மறுசீரமைப்பும் கசிவுச் சோதனையும் இல்லாமல், ஆபத்தான கழிவை அனுப்புவதற்கு ஒரே ஒரு முறை மறுபடி பயன்படுத்தலாம். சாலை வழியாக மட்டும்தான் அனுப்ப வேண்டும். கடைசியாக மூடிய பிறகு 24 மணி நேரம் கழியாமல் அதை ஏற்ற ஒப்படைக்கக் கூடாது. ஒப்படைக்கும் முன் கசிவு இல்லை என்று பார்த்து உறுதி செய்ய வேண்டும். அது அவர்கள் நாட்டுச் சட்டம், நம்மைக் கட்டாது. நம் விதி, கலன் கழிவோடு ஒத்துப்போகிறதாகவும் உறுதியானதாகவும் சிந்தாமல் கசியாமல் காப்பதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. ஆனாலும் அந்த ஒரு நாள் காத்திருப்பு எனக்குப் பிடித்துப்போய்விட்டது. நிரப்பி, மூடி, அடியில் பழைய அட்டைப்பெட்டியை விரித்து வைத்துவிடுவேன். மறுநாள் அட்டையில் கறை இருந்தால் அந்த டிரம் லாரி ஏறாது. செலவு ஒன்றுமில்லை, ஆய்வுக்கூடமும் தேவையில்லை.

அப்படி வைத்ததில் ஒரு டிரம்மின் அடி விளிம்பில் அரை நிலா வடிவில் கறை இறங்கியிருந்தது. எண்ணெயை வேறு டிரம்முக்கு மாற்றிவிட்டு, கறை படிந்த அட்டையைப் படம் எடுத்துக் கடைக்காரத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். விவாதம் இல்லை. மறுநாள் அவரே வேறு டிரம் கொண்டுவந்து இறக்கினார். கசிந்த டிரம்மைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது என்றார். அது சரியான பதில். எண்ணெய் பட்ட அந்த நிமிடத்திலிருந்து அது எங்கள் 409. அவர் வாங்கிப் போனால் இருவருக்குமே தப்பு. இதைத் தெரிந்து பேசினாரா, சுமை கூடும் என்று பேசினாரா என்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் முடிவு சரி.

வாஷர் விஷயத்தில் மட்டும் இரும்புப் பிரிவிலும் எனக்கு ஒரு குறை. எண்ணெய் பட்டால் ஊதிப்போகும் ரப்பர் ஒன்று, எண்ணெயைத் தாங்கும் நைட்ரில் ரப்பர் ஒன்று. இங்கே இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்கள். கறுப்பாக இருப்பதெல்லாம் ஒன்றுதான் என்ற நினைப்பு. நான் நைட்ரில் வாஷரைத் தனியாக ஹார்டுவேர் கடையில் வாங்கிக்கொள்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இப்போது நீல டிரம்.

நான் பட்டறையில் இல்லாத நேரம் பார்த்து என் தம்பி இங்கிருந்து சில நீல டிரம்களை வாங்கி வந்துவிட்டான். ஒன்று 50 வெள்ளி, துருப்பிடிக்காது, லேசு, கண்ணுக்கும் அழகு. கழிவை எடுக்க வந்த உரிம லாரியின் ஆள் டிரம்மைச் சுற்றி வந்தார், குனிந்தார், ஒரு முத்திரையைக் கட்டைவிரலால் துடைத்தார், தலையை ஆட்டிவிட்டார். பிளாஸ்டிக் டிரம்மில் ஆண்டு மட்டுமல்ல, தயாரித்த மாதமும் இருக்கும். பெரும்பாலும் கடிகாரம் போல ஒரு சிறு வட்டத்தில் அம்பு மாதத்தைக் காட்டும். ஐக்கிய நாடுகள் முறைப்படி ஆபத்தான சரக்குக்குப் பிளாஸ்டிக் டிரம்மின் ஆயுள் தயாரித்த நாளிலிருந்து 5 ஆண்டுதான். எங்கள் டிரம்மின் அம்பு அதைத் தாண்டி வெகுநாள் ஆகியிருந்தது. வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் நம் ஊரில் முற்றத்தில் கிடந்த பிளாஸ்டிக் எப்படி நொறுங்கும் என்று வாளி வாங்கிய எல்லோருக்கும் தெரியும்.

கடைக்குப் போய்க் கேட்டேன். இரும்புக்கு இருந்த கோப்பு இதற்கு எங்கே?

"அதெல்லாம் தொழிற்சாலையில் இருந்து வருகிறது அக்கா. நல்ல சரக்குத்தான் இருந்தது. சோப்பு, எண்ணெய், அப்படி."

"எந்தத் தொழிற்சாலை? என்ன சரக்கு? காகிதத்தில் காட்டுங்கள்."

காகிதம் இல்லை. சில டிரம்களில் பழைய ஒட்டுச்சீட்டின் ஓரம் ஒட்டிக்கொண்டிருந்தது. சிலவற்றில் சீட்டின் மேலேயே நீல வர்ணம் அடித்திருந்தார்கள். ஒன்றில் சாய்சதுரச் சீட்டின் பாதி மூலை தெரிந்தது, மேல்பாதி வெள்ளை, கீழ்ப்பாதி கறுப்பு. அரிக்கும் பொருளுக்கான அடையாளம் அது. அமிலமோ காரமோ இருந்த டிரம்மில் இன்னொருவர் வேறொன்றை ஊற்றினால் என்ன நடக்கும் என்பதை விற்பவர் சொல்ல வேண்டும். சேராத பொருள்களைச் சேர்த்துவைக்காதே என்று நம் விதியும் சொல்கிறது. அமிலம் ஒட்டியிருக்கும் கலனில் என்ன வேதிவினை நடக்கும் என்று பட்டறைப் பையனுக்குத் தெரியாது. அவன் மூடியைத் திறந்து முகத்தை வைத்துத்தான் பார்ப்பான்.

பெரியவர் நாற்காலியிலிருந்து குரல் கொடுத்தார்: "அந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் கேட்டார்கள் அம்மா?"

கேட்டவர்கள் இருந்தார்கள் ஐயா, அதுவும் நம் பேராக்கில். புக்கிட் மேரா ஆலையின் கதிர்வீச்சுள்ள தோரியக் கழிவைத் தங்கள் ஊர் ஓரத்தில் புதைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் பாப்பான் என்ற ஊரின் மக்கள் 1984-இல் தெருவில் இறங்கினார்கள். அந்த ஆலையின் வழக்கு ஈப்போ நீதிமன்றத்தில் நடந்த கதையை இந்தப் பெரியவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2019 மார்ச்சில் ஜொகூர் மாநிலத்துப் பாசிர் கூடாங்கில் யாரோ கிம் கிம் ஆற்றில் கழிவைக் கொட்டியபோது 111 பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. பிள்ளைகள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனார்கள். கேட்காமல் இருந்ததன் விலை அது. நான் இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

தண்ணீர் என்றதும் நினைவுக்கு வருகிறது, அல்லது வந்தே தீர வேண்டும். கடைக்கு வரும் வாடிக்கையாளர்களில் பலர் என்னைப் போல் கழிவுக்காக வருகிறவர்கள் அல்ல. கம்பத்துக் கிராமங்களிலிருந்தும் மிச்சமிருக்கும் லயங்களிலிருந்தும் வருகிறவர்கள். குழாய் நின்றுபோகும் நாளுக்குத் தண்ணீர் பிடிக்க, மழைநீர் சேர்க்க, கோவில் அன்னதானத்துக்கு மோர் கலக்க. நான் நின்றுகொண்டிருக்கும்போதே ஓர் அம்மா அந்த நீல டிரம்மைத் தட்டிப் பார்த்து, "சாப்பாட்டுக்கு ஆகுமா தம்பி?" என்றார். "நன்றாகக் கழுவினால் ஆகும்" என்று பதில் வந்தது.

ஆகாது. எத்தனை முறை கழுவினாலும் ஆகாது. பிளாஸ்டிக் சுவர் தான் சுமந்த சரக்கை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கழுவினால் வாசனை போகும், உறிஞ்சியது போகாது. வெயிலில் வைத்துத் தண்ணீர் நிரப்பினால் மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுக்கும். ஸ்டோரில் இருந்த காலத்தில் களைக்கொல்லிக் கலன்கள் எப்படி மாயமாகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் காலியானதும் மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரை மருந்தடிக்கும் தோம்பிலேயே ஊற்றிவிட்டு, கலனின் அடியில் ஓட்டை போட்டுவிடுவோம். ஓட்டைக் கலனில் யாரும் தண்ணீர் பிடிக்க முடியாது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி இருந்த காலம் அது. யாரும் தெரியாமல் குடித்துவிடக் கூடாதென்று அதற்கு நீல நிறமும் நாற்றமும் வாந்தி வரவைக்கும் பொருளும் சேர்த்திருந்தார்கள். அப்படியும் குடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் அதற்குத் தடை. மருந்துக்குத் தடை வந்துவிட்டது. மருந்து இருந்த கலன்கள் எந்த முற்றத்தில் என்ன வேடத்தில் நிற்கின்றனவோ.

அந்த அம்மாவிடம் நான் குறுக்கே புகுந்து சொல்லிவிட்டேன். அவர் வாங்காமல் போனார். கடைக்காரத் தம்பிக்கு என் மேல் வருத்தம். இருக்கட்டும். உணவுக்கான டிரம் புதிதாக வாங்குவது; பழையதாக வாங்குவதென்றால் அதில் முன்பு உணவுதான் இருந்தது என்பதற்கான காகிதத்தோடு வாங்குவது. இங்கே அந்தக் காகிதம் கிடையாது.

பெரியவருடைய இன்னொரு வியாபாரத்தையும் சொல்லியாக வேண்டும்: பாதியாக வெட்டிய இரும்பு டிரம், அடுப்புக்கு. வெட்டித் தரச் சொன்னால் பின்புறம் கொண்டுபோய் கிரைண்டரில் வெட்டுகிறார்கள். எண்ணெயோ தின்னரோ இருந்த டிரம்மில், திரவம் தீர்ந்த பிறகும் ஆவி உள்ளே நிற்கும். ஒரு பொறி போதும் தலைத்தகடு பறக்க. நிறைந்த டிரம்மைவிடக் காலி டிரம்மில்தான் இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் உள்ளே ஆவியோடு காற்றும் கலந்திருக்கிறது. வெட்டும் பையன் கண்ணாடிகூடப் போடவில்லை. சொன்னேன். "கழுவிவிட்டுத்தான் வெட்டுகிறோம்" என்றார்கள். இரும்பின் கோப்பைக் காட்டியவர்களிடமிருந்து இந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒட்டுச்சீட்டு வாங்குவதற்கும் இங்கே வருகிறார்கள். தீப்பிடிக்கும் திரவத்துக்குச் சிவப்பு, நச்சுக்கு மண்டையோடு, அரிப்பதற்குக் கறுப்பு வெள்ளை, எல்லாம் வைத்திருக்கிறார். சீட்டு 10 சென்டிமீட்டருக்குக் குறையாத சதுரமாக, முனையில் நிற்கும்படி ஒட்ட வேண்டும் என்பது விதி. இங்கே விற்பவை அளவில் சரி. ஆனால் கழிவு முதன்முதலாக உண்டான தேதி, உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் எழுதும் சீட்டு இங்கே மெல்லிய காகிதத்தில்தான் கிடைக்கிறது. எண்ணெய்க் கை பட்டால் எழுத்து மறைந்துவிடும். தேதி மறைந்தால் 180 நாள் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. அதற்கு மேலோ, 20 டன்னுக்கு மேலோ கழிவை இடத்தில் வைத்திருக்கக் கூடாது. நான் சீட்டை எழுதி, மேலே அகலமான ஒட்டுநாடாவை ஒட்டிவிடுகிறேன். வர்ணம் காயாத டிரம்மில் எந்தச் சீட்டும் நிற்காது. வாங்கும்போது கையால் தடவிப் பாருங்கள், கையில் நிறம் ஒட்டினால் இரண்டு நாள் கழித்து வாங்குங்கள்.

பேட்டரிக்கு டிரம் கேட்டு வருகிறவர்களை இவர் திருப்பி அனுப்பிவிடுகிறார். இரும்பை அமிலம் தின்றுவிடும், போதாக்குறைக்கு ஹைட்ரஜனும் கிளம்பும் என்று தெரிந்திருக்கிறது. விற்பனையை விட்டுக்கொடுத்த இந்த இடத்தில் அவரை மெச்சுகிறேன்.

கொண்டுவந்து இறக்க 30 வெள்ளி. ஊருக்குள் என்றால் நான்கு டிரம்முக்கு மேல் எடுத்தால் இலவசம். சொன்ன நேரத்துக்கு வருவார்கள், தீபாவளி வாரத்தைத் தவிர. டிரம்களை லாரியிலிருந்து உருட்டித் தள்ளாமல், பழைய டயரை அடியில் போட்டு இறக்குகிறார்கள், விளிம்பு நசுங்குவதில்லை. பணம் கையில் கொடுக்க வேண்டும். ரசீது கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் இல்லை. கேளுங்கள். டிரம்மின் சீரமைப்பு எண்ணையும் அதில் எழுதச் சொல்லுங்கள், எழுதுகிறார். கழிவுக் கணக்கை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டிய நமக்கு அந்த ஒரு வரி பிறகு உதவும்.

நிரப்பும்போது ஒன்று. கடைக்காரர் "200 லிட்டர் பிடிக்கும் அக்கா" என்பார். பிடிக்கும், ஆனால் விளிம்பு வரை ஊற்றாதீர்கள். சரக்கு 55 பாகை வெப்பத்தில் விரிந்தாலும் டிரம் நிறைந்துவிடக் கூடாது என்பது ஐக்கிய நாடுகள் முறையின் கணக்கு. மத்தியான வெயிலில் லாரியின் மேல் நிற்கும் கறுப்பு டிரம்மைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த எண் மிகையாகத் தோன்றாது.

மதிப்பெண் போடச் சொன்னால் இரும்புக்கு ஐந்தில் நான்கு, நீல டிரம்முக்கு ஒன்று, அந்த ஒன்றும் விலையை மறைக்காமல் சொன்னதற்காக. வளையம் வாங்கும்போது போல்ட் சேர்த்துக் கொடுக்கிறாரா என்று எண்ணிப் பாருங்கள். போல்ட்டுக்குத் தனியாக 3 வெள்ளி கேட்கும் பழக்கம் இருக்கிறது. வளையத்தை அந்த டிரம்மிலேயே போட்டு இறுக்கிக் காட்டச் சொல்லுங்கள், ஏனென்றால் குவியலில் இருப்பவை எல்லாம் ஒரே அளவு அல்ல. ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு போனால் பெரியவர் மட்டும் இருப்பார். கோப்பு மகனிடம் இருக்கும், அதனால் அன்று வாங்க வேண்டாம்.